சனிக்கிழமை வால்வு

"மாத்திடலாம் லா" என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பம்ப் நின்றால் மாத்திடலாம், பெல்ட் அறுந்தால் மாத்திடலாம், வால்வு ஒட்டிக்கொண்டால் மாத்திடலாம். ஏன் நின்றது, ஏன் ஒட்டியது என்று கேட்க, 'லா' போட்டுப் பேசும் இந்தச் சிங்கப்பூரில் யாருக்கும் நேரமில்லை. நானும் இங்கே பிறந்து வளர்ந்தவள்தான், அவசரம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் காரணம் தெரியாமல் ஒரு பொருளைத் தூக்கிப்போட என்னால் முடியாது. வீட்டில் ஃபேன் கெட்டால்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவேன். இது ஒரு வியாதி என்று என் கணவர் சொல்வார். தோ பாயோவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஏதாவது ஒன்று பிரிந்து கிடப்பதைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு, உபி தொழிற்பேட்டையில் காற்றழுத்தக் கருவிகள் விற்கும் சிறு கம்பெனி ஒன்றில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். முதலாளி ஒரு சீனர், நல்ல மனிதர். 'மாத்திடலாம்' என்ற சொல்லில் அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது. மாற்றுவதற்கான புது வால்வை விற்பவரே அவர்தானே. ஒரு வால்வு ஏன் கெட்டது என்று நான் அரைநாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், நீ எஞ்சினியரா துப்பறிபவளா என்று கேட்பார்.

சோலனாய்டு வால்வு என்பது பயப்படும்படியான பொருள் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு கம்பிச்சுருள், அதற்குள் ஓர் இரும்புத்துண்டு. மின்சாரம் பாய்ந்தால் துண்டு நகர்ந்து காற்றுக்கு ஒரு வழியைத் திறந்துவிடும், நின்றால் மறுவழி திறக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாம் ஏறும் பஸ்ஸின் கதவு திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் இந்த 'டிக்'கால்தான். நல்ல வால்வு தானாகக் கெடுவது அபூர்வம், அது சுவாசிக்கும் காற்றுதான் அதைக் கெடுக்கும். இதை நான் யாரிடம் சொன்னாலும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, சரி, புதுசு எவ்வளவு என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்காத ஒரே வாடிக்கையாளர் காக்கி புக்கிட்டில் இருந்த தோசைமாவு அக்காதான்.

அக்கா என்று நான் கூப்பிட்டேனே தவிர அவர் எனக்கு உறவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். வீவக அடுக்குமாடி வீட்டின் அடுப்படியில் ஒரு கிரைண்டரை வைத்து மாவு அரைத்து, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் இரண்டு மளிகைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். கடைக்காரர்கள் இன்னும் இன்னும் என்று கேட்கவே, துணிந்து காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பெண்களை வேலைக்கு வைத்து, மாவைப் பையில் நிரப்பி ஒட்டும் ஒரு மெஷினையும் வாங்கிப் போட்டார். அந்த வருஷம் பேரங்காடி ஒன்று அவர் மாவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. தீபாவளி வரைக்கும் சோதனை ஓட்டம். வாரக் கடைசிக்கு மக்கள் வீட்டில் தோசை சுடுவார்கள் என்பதால் சனிக்கிழமை காலையில்தான் பெரிய சரக்கு போகவேண்டும். குறைந்தாலோ, பை ஒழுகினாலோ, அதோடு சரி.

எனக்கு அழைப்பு வந்தது அந்தச் சோதனை ஓட்டத்தின் நடுவில், ஒரு சனிக்கிழமை. போனபோது அறை முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் வாசனை. மெஷினில் பையின் வாயைக் கவ்விச் சூட்டால் ஒட்டுவதற்கு இரண்டு தாடைகள் உண்டு. காற்றழுத்தத்தில் மூடும், திறக்கும். அன்றைக்கு மூடிய தாடை நேரத்துக்குத் திறக்காமல் பையைக் கருக்கியிருந்தது. கருகிய இடத்தில் மாவு கசிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, தோசைமாவு காத்திருக்காது. மெஷின் நின்றால் தொட்டியில் மாவு பொங்க ஆரம்பித்துவிடும். அந்தப் பெண்கள் தொட்டியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

நான் வால்வை மாற்றினேன். வேறென்ன செய்ய, லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மெஷினின் பின்பக்க இரும்புக் கதவைத் திறந்ததும் கமகமவென்று சந்தன மணம் வந்தது. உள்ளே வால்வுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் காற்று வெளியேறும் வாயில் ஒரு பித்தளை மூடி இருக்கும். காற்று சீறாமல் சத்தத்தை அடக்குவதற்காக, பித்தளைத் தூளை அழுத்திச் செய்தது. அதற்கு சைலன்சர் என்று பெயர். சுண்டுவிரல் நுனி அளவில் பளபளவென்று இருந்த அந்த மூடிகள் எல்லாவற்றிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். எனக்கு அதைப் பார்க்கவே இதமாக இருந்தது. நான் போகும் இடங்களில் மெஷினை யார் இப்படி மரியாதையாக வைத்திருக்கிறார்கள்? மூடிகளைக் கையாலேயே கழற்றித் துணியால் துடைத்து, புது வால்வு உட்பட எல்லாவற்றிலும் திருகினேன். விரலில் ஒட்டிய சந்தனத்தை வீணாக்காமல் கழுத்தில் தடவிக்கொண்டேன்.

தாடை திறந்தது. லாரி போனது. பழைய வால்வைப் பிரித்துப் பார்க்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா இது இப்படி ஆவுது? காரணத்தச் சொல்லு" என்று கேட்டார். என் ஆயுளில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

காரணத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தேன். கிடைத்தது விளக்கெண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெய். காற்றுக் குழாயில் எண்ணெய் ஊற்றும் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அந்தக் காலத்து வால்வுகளுக்கு வேண்டியது, இப்போதுள்ளவற்றுக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. கிண்ணம் காலியாக இருந்ததைப் பார்த்த அக்கா, சாப்பாடு செய்யும் இடத்தில் மெஷின் எண்ணெய் ஊற்றலாமா என்று யோசித்து, நல்ல தேங்காய் எண்ணெயாக வாங்கி ஊற்றியிருந்தார். மாவு புளிக்காமலிருக்க அந்த அறையை ஏசி போட்டுக் குளிரவைத்திருந்தார்கள். எண்ணெய் கிண்ணத்தில் வெண்ணெய்போல் உறைந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கிண்ணத்தையே கழற்றி எடுத்துவிட்டு, குழாய்களை எல்லாம் ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தேன். அக்கா அசடு வழியச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை அதே தாடை, அதே இடத்து வால்வு. மறுபடி மாற்றினேன். மறுபடி லாரி தப்பியது.

இந்த முறை, காற்றை அழுத்தி மெஷினுக்கு அனுப்பும் கம்ப்ரெஸர் இருந்த அறைக்குப் போனேன். மாவு அறைக்கு வெளியே, தாழ்வாரத்தின் கோடியில், சூடும் சத்தமுமாக ஒரு சந்து. அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது கதவில் இருந்த தூசியிலேயே தெரிந்தது. சிங்கப்பூர்க் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, துவைத்துப் போட்ட துணி காய ஒரு நாள் எடுக்கும். அந்தக் காற்றை அழுத்திப் பிழிந்தால் தண்ணீர் கொட்டத்தானே செய்யும்? அழுத்திய காற்றைச் சேர்த்துவைக்கும் பெரிய தொட்டி ஒன்று உண்டு. அதன் அடியிலுள்ள வடிகுழாயைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றவேண்டும். நான் திறந்தபோது துருப்பிடித்த தண்ணீர், கோப்பி நிறத்தில், வாளி நிறைந்தும் நிற்கவில்லை. காற்றை உலர்த்தும் டிரையர் ஒன்றும் அங்கே இருந்தது, ஆனால் ஓடவில்லை. ஏனென்றால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் டீ போடும் கெட்டிலைச் சொருகியிருந்தார்கள்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கம்ப்ரெஸர் தோற்றுப்போயிருக்கும். வால்வு பாவம், எண்ணெயையும் துருத்தண்ணீரையும் குடித்துக்கொண்டு எத்தனை நாள்தான் உழைக்கும் என்று கேட்டேன். அக்கா உட்பட எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு எனக்கே சங்கடமாகிவிட்டது, யாரோ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் கெட்டிலுக்குத் தனி இடம் போட்டுக்கொடுக்கச் சொன்னேன். டிரையரைச் சரிசெய்து ஓடவிட்டேன். மெஷினுக்கு முன்னால் ஒரு நல்ல ஃபில்டர் வைத்தேன். கம்பிச்சுருளுக்கு வரும் மின்சாரத்தை அளந்தேன், அது சரியாகவே இருந்தது. குழாய் முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்துக் காற்றைத் திறந்துவிட்டால் துணி வெள்ளையாகவே இருந்தது. தினமும் காலையில் யாராவது தொட்டித் தண்ணீரை வடித்துவிடவேண்டும் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அந்த ரூம்ல அனல் அடிக்குது ஆண்ட்டி என்றாள் ஒரு பெண். அவள் போகப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. இனிமேல் சனிக்கிழமை நீங்க நிம்மதியா இருக்கலாம் என்று அக்காவிடம் நானே வாய்விட்டுச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை முன்னைவிட மோசமாகப் போனது. தாடை திறக்கவே மாட்டேன் என்றது. வால்வை மாற்றி ஓட்டுவதற்குள் நேரம் போய், பாதிச் சரக்குதான் லாரியில் ஏறியது. பேரங்காடியிலிருந்து போன் வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் யோசிக்கவேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொன்னார்களாம். அக்கா போனை வைத்துவிட்டு உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இது சரியா வரலன்னா மூடிடுவேன்மா. மெஷின வித்துட்டு வீட்டு கிரைண்டருக்கே போயிடுவேன். இன்னொரு வாட்டி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. நான் காற்றைச் சுத்தமாக்க, சுத்தமாக்க, வால்வு ஏன் இன்னும் சீக்கிரமாக ஒட்டிக்கொள்கிறது? படித்த படிப்பெல்லாம் தலைகீழாக நின்றது.

இதற்குள் அந்தப் பெண்கள் காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக ஓடும் மெஷின் சனிக்கிழமை மட்டும் நிற்கிறது என்றால் அது சனி பகவானின் வேலைதான். அக்காவும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். சிராங்கூன் ரோட்டில் உள்ள கோவிலில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் எள் விளக்கு போட்டார். நான் வால்வுக்குக் கிழமை தெரியாது அக்கா என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கிழமை தெரிந்ததுபோல்தான் அது நடந்துகொண்டது. அதனால் வெள்ளிக்கிழமையில்தான் ஏதோ நடக்கிறது என்று எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை ஏதாவது விசேஷமாகச் செய்கிறீர்களா, வேறு சோப்பு போட்டுக் கழுவுகிறீர்களா, வேறு ஆள் வருகிறாரா என்று குடைந்து குடைந்து கேட்டேன். ஒன்றும் இல்லையே, எல்லா நாளும் ஒரே வேலைதானே என்று அக்கா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பொய் இல்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. தேக்காவில் விளக்கு அலங்காரம் எரிய ஆரம்பித்து, நடக்க இடமில்லாமல் கூட்டம். பேரங்காடி அந்த வாரத்துக்கு வழக்கத்தைவிட நிறைய மாவு கேட்டிருந்தது. அதுதான் கடைசிப் பரீட்சை. வியாழக்கிழமை நான் ஆபீஸில் உட்கார்ந்து, அக்காவின் மெஷினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வால்வுகளை மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் பிரிக்கும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று சோதனைக் குழாயில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். டிக், டிக், டிக். ஒன்றுகூட ஒட்டவில்லை. முதலில் கழற்றியது கொஞ்சம் சுணங்கியது, அது தேங்காய் எண்ணெய் செய்த வேலை. மற்றவை எல்லாம் கடையில் வைத்து விற்கலாம்போல் ஓடின. பின்னால் வந்து நின்று பார்த்த முதலாளி, நல்ல வால்வைக் கழற்றிவிட்டு நல்ல வால்வை மாட்டியிருக்கிறாய், வியாபாரத்துக்கு இதைவிட நல்லது எது என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

அவர் கிண்டலாகச் சொன்னது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. கெட்டது வால்வு இல்லை. அப்படியென்றால் நான் ஒவ்வொரு முறையும் மாற்றாமல் விட்டது எதுவோ, அதுதான்.

எது என்று அப்போதும் பிடிபடவில்லை. குழாயா, தாடையைத் தள்ளும் சிலிண்டரா, சுவிட்சா என்று மனதுக்குள் மெஷினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். சனிக்கிழமை விடிந்ததும் அழைப்புக்குக் காத்திருக்காமல் நானே போய் நின்றேன். மெஷினை ஓடவிட்டார்கள். ஒரு பை, இன்னொரு பை, அடுத்த பையில் தாடை மூடியது, திறக்கவில்லை. கருகல் வாசனை. அக்கா கையைப் பிசைந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

பின்பக்கக் கதவைத் திறந்தேன். வால்வு 'டிக்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் 'டிக்'குக்குப் பிறகு வரவேண்டிய பெருமூச்சு வரவில்லை. தாடை திறக்கவேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியே போகவேண்டும். போகவில்லை. நான் பித்தளை மூடியைக் கழற்றினேன். கழற்றிய வேகத்தில் உள்ளே அடைபட்டிருந்த காற்று 'உஸ்' என்று பாய்ந்தது, தாடை பட்டென்று திறந்தது. கையில் இருந்த மூடியை வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம், ஒரு பொட்டுக் காற்று மறுபக்கம் போகவில்லை. உதட்டில் சந்தனம் மணத்தது.

எத்தனை சனிக்கிழமை அந்தச் சந்தனத்தைப் பார்த்திருக்கிறேன்! துடைத்திருக்கிறேன், கழுத்தில் பூசிக்கொண்டிருக்கிறேன். மெஷினில் பொட்டு இருப்பது எனக்கு மனிதருக்கு மூக்கு இருப்பதுபோல. அதை ஒரு பொருளாக நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்கள் முதலாளியை அழைத்துவந்திருந்தால் கதவைத் திறந்த உடனே, இது என்ன மஞ்சளாக என்று கேட்டிருப்பார். நானும் தமிழ், அக்காவும் தமிழ். யார் யாரைக் கேட்பது?

லாரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எல்லா மூடிகளையும் கழற்றிப் பையில் போட்டேன். சைலன்சர் இல்லாமல் மெஷின் பாம்புப் பண்ணைபோல் சீறியது. காதில் பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுங்கள் என்றேன். ஓட்டினார்கள். பைகள் ஒட்டுப் பிசகாமல் வந்து விழுந்துகொண்டே இருந்தன. கடைசிக் கூடை லாரியில் ஏறிக் கதவு சாத்தியபோது அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பிறகுதான் அக்காவிடம் மூடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதையும் சேர்த்தபோது எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. மெஷின் வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் அதற்குப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். முதலில் முன்பக்கத்தில், மாவுத் தொட்டிக்குக் கீழேதான் வைத்துக்கொண்டிருந்தார். சோதனை ஓட்டம் தொடங்கும் முன் சுத்தம் பார்க்க வந்த பேரங்காடிப் பெண், உணவு விழும் பக்கத்தில் எதையும் பூசக்கூடாது என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா பொட்டைப் பின்பக்கத்துக்கு மாற்றினார். கதவைத் திறந்தால் வரிசையாகப் பித்தளை, குத்துவிளக்குபோலப் பளபளவென்று. அதைவிடப் பொருத்தமான இடம் வேறென்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை முழுதும் ஈரச் சந்தனத்தைத் துளைத்துக்கொண்டு காற்று எப்படியோ வெளியே வந்துவிடும். இரவில் ஏசிக் குளிரில் அது காய்ந்து சிமெண்டாகிவிடும். தாடைதான் அதிகக் காற்றை வெளியே விடும் என்பதால் முதலில் மாட்டிக்கொள்வதும் அதுதான். நான் காற்றை உலரவைத்த பிறகு இன்னும் நன்றாகக் காய்ந்தது. நான் வந்து துடைத்துப் போட்டதும் அடுத்த வெள்ளி வரை எப்படியோ ஓடும். மெஷின் நிற்க நிற்க, சனி பகவானுக்குப் பயந்து அக்கா சந்தனத்தை இன்னும் கெட்டியாக அப்பினார்.

"நானா?" என்றார் அக்கா. "நானே அதோட மூக்க அடைச்சிட்டேனா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தொழிலை மூடிவிடுவேன் என்று சொன்னபோதுகூட அழாத மனுஷி. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க கெடுக்கணும்னு வைக்கல அக்கா. எடம்தான் தப்பு."

தீபாவளி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, புது சைலன்சர்களை மாட்டுவதற்காகக் காலையிலேயே போனேன். பேரங்காடி இன்னும் முடிவைச் சொல்லியிருக்கவில்லை. பழையவற்றை வெந்நீரில் ஊறப்போட்டுப் பார்த்தும் அடைப்பு முழுதாக விடவில்லை. இந்த ஒருமுறை நானும் மாத்திடலாம் என்று சொல்லவேண்டியதாயிற்று. அக்கா என் பக்கத்திலேயே நின்றார். கையில் கிண்ணம் இல்லை. இனி இந்த மெஷினுக்குப் பொட்டே வைக்கமாட்டேன், பயமாக இருக்கிறது என்று அதற்கு முன்பே போனில் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கை சும்மா இருக்கவில்லை. புடவைத் தலைப்பை முறுக்குவதும், வெறிச்சென்று இருந்த இரும்புக் கதவைத் தடவுவதுமாக இருந்தது. அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பொட்டை நிறுத்துவது தீர்வு இல்லை என்று அப்போது தோன்றியது. வாராவாரம் மறக்காமல் மெஷினிடம் வரும் ஒரு கை எந்தத் தொழிற்சாலையில் கிடைக்கும்? அதைப் போய் நான் தடுப்பதா?

சந்தனத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, அவரைக் கம்ப்ரெஸர் அறைக்கு அழைத்துப் போனேன். காற்றுத் தொட்டி பெரிய வயிற்றோடு நின்றது.

"மெஷினோட மூச்சு இங்கருந்துதான் கெளம்புது அக்கா. இது வயித்துல ஓட்ட இல்ல, அடைக்கவும் முடியாது. எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

அக்கா தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். அடியிலிருந்த வடிகுழாயைக் காட்டி, நீ தினம் தொறக்கணும்னு சொன்னியே, அது இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாராவது திறக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கையிலிருந்த கிண்ணத்தையும் வடிகுழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதல்ல பொட்டா, தண்ணியா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "குளிச்சிட்டுத்தானேம்மா பொட்டு வைப்போம்."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அனலில் குனிந்து உட்கார்ந்தார். நான் வாளியைப் பிடித்தேன். வடிகுழாயைத் திறந்ததும் கோப்பித் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அது நின்று வெறும் காற்று வரும்வரை பார்த்திருந்துவிட்டு மூடினார். ஈரத்துணியால் தொட்டியின் வயிற்றைத் துடைத்தார். பிறகு நிதானமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டார். தண்ணீர் தினமும் வடிக்கவேண்டும், பொட்டு உங்கள் இஷ்டம் என்று சொன்னேன். ரெண்டும் தினமும்தான் என்றார்.

சில மாதங்கள் கழித்து எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்தத் தோசைமாவு அம்மா இப்போதெல்லாம் வால்வே வாங்குவதில்லையே, வேறு யாரிடமாவது வாங்குகிறாரா என்று கவலையோடு கேட்டார். எனக்கும் பார்க்கவேண்டும்போல் இருந்தது. பேரங்காடியில் அக்காவின் மாவு தொடர்கிறது என்பது எனக்குத் தெரியும், தோ பாயோவில் நானே வாங்குகிறேன். வாங்கும்போதெல்லாம் பையின் ஒட்டிய வாயை விரலால் இழுத்துப் பார்ப்பேன். குளிர்பெட்டிப் பக்கம் நிற்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

காக்கி புக்கிட்டுக்குப் போனபோது மெஷின் டிக், உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதே வால்வு, நான் கடைசியாக மாட்டியதுதான். அக்கா என்னை நேராகக் கம்ப்ரெஸர் அறைக்கு இழுத்துப் போனார். கதவில் தூசி இல்லை. வடிகுழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினார். கொஞ்சமாகத்தான் வந்தது, பழைய கோப்பி நிறமும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார், அன்றைக்கு மூடிவிடுவேன் என்று சொன்ன அதே குரலில். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது டிரையர் பக்கம் பார்வை போனது. சுவரில் சொருகியிருந்த அதன் பிளக்கின் முதுகில் ஒரு சின்னச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இது எதற்கு என்று கேட்டேன்.

"புதுசா சேர்ந்த பொண்ணு ஒருநாள் கெட்டில் சொருவ அதப் புடுங்கப் போனா லா. இப்ப பொட்டு வச்சிட்டேன்ல, இனிமே அதத் தொட யாருக்குக் கை வரும்?"

நான் படித்த படிப்பில், ஒன்றை யாரும் தொடக்கூடாது என்றால் அதற்கு ஒரு பூட்டும் சிவப்பு அட்டையும் மாட்டச் சொல்லியிருந்தார்கள். அக்காவுடையது அதைவிட நன்றாக வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் புத்தி போகாதே. அந்தப் பிளக்கில் ஓட்டை எதுவும் இல்லையே என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.